சோழகத்தில் எழுதிய வாக்குமூலம்

பசிபிக் தீவுக்காரர்கள் திசைகாட்டி இல்லாமல் பெருங்கடலைக் கடந்ததை நான் முல்லைத்தீவுக் கரையோரப் பள்ளிக்கூடமொன்றில் பல வருடங்கள் படிப்பித்தேன். அவர்களின் மாலுமி புறப்படுமுன் கடல் தெய்வத்தை வேண்டுவான். வள்ளத்தின் அடியில் படுத்து, உடம்பால் அலையின் திசையை அறிவான். "இது மூடநம்பிக்கை இல்லை, அறிவு" என்று கரும்பலகையைத் தட்டுவேன். நானோ விசுவமடுவில் நெல் விதைக்கிற குடும்பம். வள்ளத்தில் கால் வைத்ததே இல்லை.

போர் நடந்த தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கடலுக்குப் போக அனுமதிச்சீட்டு வேண்டும். திசைகாட்டி தடைசெய்யப்பட்ட பொருள். நாயாற்று மீனவர் ஒருவர் வாக்குமூலம் எழுதித்தரச் சொல்லி என்னைத் தேடி வந்தார். தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று அவரையும் அவருடைய மைத்துனரையும் கரை தெரியாத தூரத்துக்குக் கொண்டுபோயிருந்தது. நான்காம் நாள்தான் அவர்கள் திரும்பியிருந்தார்கள். எப்படித் திரும்பினார்கள் என்று எழுதிக்கொண்டு வரும்படி சொல்லி, சீட்டுக் கொடுக்கும் அலுவலகம் அதைப் பறித்து வைத்திருந்தது. திசைகாட்டி வைத்திருந்தால் குற்றம். இல்லாமல் திரும்பினால் சந்தேகம். இப்படியொரு நியாயத்தைக் கதிரையில் இருந்து யோசித்தவர்களை நினைத்தால் இன்றும் ஏசத் தோன்றுகிறது. ஆனால் அவர்களை ஏச எனக்கு அரைவாசி உரிமைதான் உண்டு.

"எப்பிடித் திசை பிடிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"காத்து விழுந்த பிறகு தண்டு வலிச்சம், மாஸ்டர். ஒரே மப்பு, வானத்தில ஒரு வெள்ளியும் இல்லை. ஒரு செபமாலை முடியுமட்டும் வலிப்பம். பிறகு நான் வள்ளத்துக்குள்ள மல்லாந்து படுத்துப் பாப்பன். கொண்டல் பக்கத்தால, கிழக்கால வாற பெரிய அலை இடது தோளில இடிச்சா, கரைக்குத்தான் போறம். இடம் மாறினா வள்ளம் திரும்பிட்டுது. நாப்பத்திரண்டு செபமாலை சொன்னம்."

"மச்சான் என்ன சொன்னவர்?"

"படுக்கிறதுக்கு மாதாவைச் சாட்டுறாய் எண்டு ஏசினவர்."

நானும் சிரித்தேன். அந்த வாரம்தான் பசிபிக் பாடம் நடத்தியிருந்தேன். தோளில் இடித்த அலையும் செபமாலைக் கணக்கும் எனக்கு அப்போது வெறும் கதையாகவே பட்டன.

"இதை எழுதினா அங்க சிரிப்பினம்."

"சிரிக்கட்டும் மாஸ்டர். சீட்டைத் தந்தாச் சரி."

நான் அதை எழுதவில்லை. 'காற்று எங்களைக் கரைக்குத் தள்ளியதால் தற்செயலாகத் தப்பினோம்' என்று நல்ல தமிழில் எழுதினேன். அவருக்கு வாசிக்கத் தெரியும். படிப்பித்த மனிதர் எழுதியது என்று வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். தாளை வாசித்த அதிகாரி நிமிர்ந்தார்.

"சோழகத்தில காத்துக் கரைக்கோ தள்ளும்? வெளிக் கடலுக்கல்லோ கொண்டுபோகும். ஆர் எழுதினது?"

கடற்கரையில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரிந்த விடயம். மீனவர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"நான்தான் ஐயா சொன்னனான்" என்றார் அவர்.

பொய் சொல்கிறார், திசைகாட்டியை ஒளித்திருக்கிறார் என்று முடிவு செய்தார்கள். சீட்டு ரத்தானது. அவருடைய வள்ளம் கரையில் கிடந்து வெயிலில் காய்ந்து பிளந்தது. அவர் விசுவமடுவுக்கு வந்து மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்குக் கொத்தினார். கரையில் ஒரு தலைமுறை பேசவேண்டிய கெட்டித்தனத்தைக் காட்டியவரை மண்வெட்டியோடு நிறுத்தியது என் படிப்பு. அந்தப் படிப்பைக் கொடுத்தவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான். தூரத்துக் கடல்காரனை மதிக்கச் சொல்லித் தந்தவர்கள், பக்கத்தில் நிற்பவனை நம்பச் சொல்லித் தரவில்லை. அதை அவர்கள்தான் சொல்லித் தரவேண்டும் என்று நான் காத்திருந்ததும் வெட்கம்.

ஒருநாள் எங்கள் ஊர் ஒழுங்கையில் அவர் என் சைக்கிளை மறித்தார்.

"மாஸ்டர், சோழகம் எங்கால வீசும் எண்டு இப்ப தெரியுமோ?"

"ஓம்."

"அப்ப அதை அங்க போய்ச் சொல்லுங்கோவன். எழுதினது நீங்கள் எண்டும் சொல்லுங்கோ."

நாளைக்குப் போறன் என்றேன். போகவில்லை. அடுத்த வருடமும் கரும்பலகையில் பசிபிக் சமுத்திரத்தை வரைந்தேன். வள்ளத்தில் படுத்திருக்கும் மாலுமியைப் பற்றிச் சொல்லும் இடம் வந்ததும், அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.