யாரையும் தனியே விடாத வரிசை

நடவு வயலில் பெண்கள் பின்னோக்கித்தான் நகர்வார்கள். அதனால் கை சுணங்கியவள் எல்லோருக்கும் முன்னால் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிவாள். மிராசுதாரின் காரியக்காரர் வரப்பில் குடையோடு நிற்பது அவளைப் பிடிக்கத்தான். "ஏய், நீ கரையேறு" என்பார். அவளுக்கு அன்றைய பிழைப்பு போயிற்று.

எங்கள் தெருப் பெண்களிடம் மட்டும் அது செல்லவில்லை. காரணம் என் அத்தை, அப்பாவின் தங்கை. பக்கத்தில் நிற்பவள் சுணங்கினால், குனிந்த தலை நிமிராமல் கையை நீட்டி அவள் பங்கிலும் நாலு குத்து நாற்றை ஊன்றிவிட்டுத் தன் பங்குக்குத் திரும்பிவிடுவாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். அப்படி ஒருநாள் தப்பித்தவள் மறுநாள் தன் பக்கத்துக்காரிக்கு அதையே செய்தாள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காமலே வரிசை முழுக்க அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. காரியக்காரர் குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நின்றார். வரிசை கயிறு பிடித்தது போலப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

ஆட்சி மாறியிருந்த சமயம் அது. இனி ஏழைகளுக்குத்தான் காலம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அந்தச் சம்பாவில் எங்கள் ஆட்கள் கூலி உயர்த்திக் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். மிராசுதார் வெளியூரிலிருந்து ஆட்களை இறக்கினார். அவர்களை இறங்கவிடாமல் எங்கள் தெருப் பெண்கள் சேற்றில் வரிசை கட்டி நின்றார்கள். அம்மாவும் நின்றாள். அவளுக்கு ஏழாம் மாதம். எனக்குத் தம்பிதான் பிறப்பான் என்று நான் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். பள்ளிக்கூடம் லீவு என்பதால் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போலீஸ் வந்தது. யார் தலைவி என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு அப்படி ஒருத்தி இருந்ததாகவே தெரியாது. இன்ஸ்பெக்டரின் பார்வை அம்மாவின் வயிற்றில் வந்து நின்றது.

"வாயும் வயிறுமா இருக்கே, நீ மட்டும் வீட்டுக்குப் போ."

பக்கத்தில் நின்ற அத்தை அம்மாவின் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "போங்க அண்ணி. புள்ளைய இட்டுக்கிட்டு வீட்டுக்குப் போங்க. உங்க காலுல வேணாலும் விழறேன்."

அம்மா நகரவில்லை. "இத்தினி பேரு நிக்கையில நான் மட்டும் எப்படிடி கரையேறுவேன்?" என்றாள்.

பிறகு தடிகள் இறங்கின. வரிசை உடைந்தது. சேற்றில் விழுந்தவர்களை இழுத்து லாரியில் ஏற்றினார்கள். அம்மா லாரியில் போய் நான் பார்த்ததில்லை. குண்டும் குழியுமான வாய்க்கால் கரையில் அது எகிறி எகிறிப் போவதைப் பார்த்து, என்னை ஏற்றாமல் போகிறார்களே என்று அழுதுகொண்டு பின்னாலேயே ஓடினேன்.

சில நாள் கழித்து அம்மா பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்தாள். வயிறு இல்லை. தம்பி எங்கே என்று கேட்டேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கூலி ஏதோ கொஞ்சம் ஏறியது. அடுத்த குறுவைக்கு எல்லோரும் அதே வயலில் இறங்கினார்கள். அம்மாவுக்கு இடுப்பு முன்போல வளையவில்லை. நடுநடுவே நின்று மூச்சு வாங்கினாள். ஆனாலும் அவள் தனியாகத் தெரியவில்லை. இரண்டு பக்கமிருந்தும் கைகள் நீண்டு வந்து அவள் பங்கை நட்டுக்கொண்டே இருந்தன. அவற்றில் அத்தையின் கை இல்லை. அவள் வரிசையின் மறுகோடிக்குப் போயிருந்தாள். தன் பங்கை மட்டும் நட்டாள். பக்கத்துக்காரி சுணங்கினாலும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஆரம்பித்த பழக்கத்துக்கு இப்போது அவள் தேவைப்படவில்லை.

வீட்டுக்கும் அவள் வருவதில்லை. எங்கள் வாசலைத் தாண்டும்போது நடையை எட்டிப் போடுவாள்.

"அத்தைகூட சண்டையாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

அடுப்பு ஊதிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. அன்னிக்கு நான் கரையேறாம நின்னதுலேருந்து எம் பக்கத்துல நிக்க அவளுக்குப் பயம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. காரியக்காரருக்கே பயப்படாத அத்தை, ஒரு குடம் தண்ணீரைக்கூடத் தூக்க முடியாத அம்மாவுக்குப் பயப்படுகிறாளாம். அதைத் தெருவில் பிள்ளைகளிடம் ஒரு வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.