தொப்பிக்காரி லமுனின் மூடிய வாய்

ஆற்றோரச் சந்தையின் வாசலில் லமுனை ஆளுயரப் பலகையில் ஒட்டி வைத்திருந்தார்கள். தலையில் அகல விளிம்புத் தொப்பி, இடுப்பில் பாவாடை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு ஓட்டை. சனி ஞாயிறுகளில் பாங்காக்கிலிருந்து வருகிற கூட்டம் அந்த ஓட்டைக்குள் மூஞ்சியை நுழைத்து, ஈயென்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்ளும். எத்தனையோ பேருடைய வியர்வையும் முகப்பூச்சும் ஐஸ்கிரீமும் பட்டு ஓட்டையின் விளிம்பு கறுத்துப் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. பலகைக்கு மேலே கொட்டை எழுத்தில், 'அந்த இனிய காலத்துக்கு வாருங்கள்!'

இனிய காலமாம். சொன்னவன் வாயில் புழுதான் விழவேண்டும்.

லமுனின் மகள் புப்பா தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் மீன் விற்கப் போகவேண்டும். அவித்த கானாங்கெளுத்தியைச் சின்ன மூங்கில் கூடைகளில் வைத்து விற்பவள். கூடை சின்னது, மீன் பெரிது. அதனால் எங்கள் மேக்லோங் ஊரில் மீனின் கழுத்தை ஒடித்து, தலையை மடக்கித்தான் கூடைக்குள் வைப்போம். அறுபது வயதுக்குள் லட்சம் கழுத்தை ஒடித்தவள் புப்பா, அதில் அவளுக்கு அருவருப்பு கிடையாது. பலகையைப் பார்த்தால்தான் குமட்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள், குப்பைத் தொட்டியைத் தாண்டுகிற மாதிரி.

இந்த நிலையில்தான் லமுன் எண்பத்தெட்டு வயதில் செத்துப்போனாள். சாவதற்கு முன் மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏ புப்பா, அந்தத் தொப்பிப் படத்த எம் பெட்டி முன்னால வச்சுடாத. வச்சீங்கன்னா எந்திரிச்சு வந்துருவேன், சொல்லிட்டேன்."

"வைக்க மாட்டேம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா வைக்க மாட்டேன். நீ கம்முனு படு."

சத்தியம் செய்வது சுலபம். எங்கள் பக்கம் படம் இல்லாமல் யாரையும் எரிப்பதில்லை. செத்தவரின் முகத்தைச் சட்டம் போட்டு, பூ அலங்காரம் செய்து, பெட்டிக்கு முன்னால் நிறுத்தியாக வேண்டும். வந்தவர்களுக்கெல்லாம் செத்தவரின் வாழ்க்கையையும் படங்களையும் அச்சடித்த புத்தகம் கொடுக்கவேண்டும். லமுனோ ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் ஒழுங்காகப் படத்துக்கு நின்றவள். அதற்கப்புறம் எவன் கேமராவைத் தூக்கினாலும் கையால் முகத்தை மறைத்துக்கொள்வாள், இல்லையென்றால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். பேரன் கல்யாணத்தில் எடுத்த படத்தில்கூட அவள் முதுகுதான் இருக்கிறது.

அந்த ஒரே படத்தின் கதையைப் புப்பா நூறு தடவை கேட்டிருக்கிறாள். உலக யுத்த காலம் அது. நாட்டை நாகரிகமாக்க வேண்டும் என்று மேலே இருந்தவர்களுக்குத் திடீரென்று ஞானம் பிறந்துவிட்டது. எல்லாரும் தொப்பி போடவேண்டும். பெண்கள் கச்சம் கட்டக்கூடாது, பாவாடை கட்டவேண்டும். வெற்றிலை போடக்கூடாது. வெற்றிலைக் கொடியை அறுக்கவேண்டும், பாக்கு மரத்தை வெட்டவேண்டும். சோற்றுக்கு என்ன செய்வது என்று மட்டும் உத்தரவில் ஒன்றும் இல்லை.

லமுனின் குடும்பத்துக்குச் சோறு போட்டதே கால்வாய்க்கரைப் பாக்குத்தோப்புதான். அப்பா காலொடிந்து கிடந்தார். இருபது வயது லமுன்தான் தோப்பை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சத் தாலுகா ஆபீசுக்குப் படகு வலித்துக்கொண்டு போனாள். கச்சம் கட்டிய இடுப்பு, வெறுந்தலை, கன்னத்தில் அதக்கிய வெற்றிலை. வாசலிலேயே சேவகன் மறித்தான்.

"தொப்பி எங்க? பாவாடை எங்க? இப்படியே உள்ள போவியா?"

ஆபீஸ் குமாஸ்தாவின் பெண்டாட்டி புளியமரத்தடியில் தொப்பியும் பாவாடையும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள். உத்தரவு போட்டவனுக்குப் புகழ், அவன் ஆபீஸ்காரனுக்கு வரும்படி! முன்னால் போட்டுப்போனவளின் எண்ணெய்ச் சிக்கும் பேனும் அந்தத் தொப்பியில் அப்படியே இருந்தன. லமுன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையில் கவிழ்த்தாள். உள்ளே போன வேகத்தில் ஒரு அதிகாரி அவள் கையைப் பிடித்து, ஏற்கெனவே வரிசையாக நின்ற பெண்களின் கடைசியில் நிறுத்தினார். தாலுகா நாகரிகமாகிவிட்டது என்று தலைநகருக்குப் படம் அனுப்பவேண்டுமாம். அதிகாரி ஒவ்வொருத்தி வாயையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

"யார் வாயிலயாவது அந்தக் கண்றாவி இருந்துது, கேஸ் போட்டு உள்ள தள்ளிருவேன்!"

துப்ப இடமில்லை. லமுன் விழுங்கினாள். சுண்ணாம்பு, பாக்கு, புகையிலை, சாறு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மடக்காக. அது தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கேமரா அவளைப் பிடித்தது. படம் முடிந்ததும் வெளியே ஓடினாள். புளியமரம்வரை தாங்கவில்லை. கையில் இருந்தது தொப்பிதான், தொப்பியிலேயே கக்கினாள். குமாஸ்தா பெண்டாட்டி போட்ட கூச்சலில் அதிகாரி வந்து எட்டிப் பார்த்தார்.

"சீ! அசிங்கம்!" என்றார்.

லமுன் வாயைத் துடைத்துக்கொண்டு தோப்பைப் பற்றிக் கேட்டாள். "போய் முதல்ல நல்லா வாயத் தொடச்சுக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த மாதமே ஆட்கள் வந்து மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். சில வருஷத்தில் உத்தரவும் போயிற்று, போட்டவர்களும் போனார்கள், தொப்பிகளில் கோழி முட்டையிட்டது. வெட்டின மரம் திரும்ப முளைக்குமா? லமுன் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரினாள், தென்னம்பாளை சீவுகிறவனைக் கட்டிக்கொண்டாள், அவன் குடித்தே செத்தபிறகு வெல்லம் காய்ச்சி இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். அடுப்படிக்குப் பின்னால் ஒரு வெற்றிலைக் கொடியும் வளர்த்தாள். பல் போனபிறகு சின்னப் பித்தளை உரலில் இடித்துப் போட்டுக்கொண்டாள். கடைசி மூச்சுவரை அவள் வாய் செக்கச்செவேல் என்றுதான் இருந்தது. செத்த அன்று அந்த வாய்க்குள் கொஞ்சம் வெற்றிலை இடித்து வைத்ததும் புப்பாதான்.

இப்போது மகன் தவீயைப் பற்றிச் சொல்லவேண்டும், சொல்லத்தான் பிடிக்கவில்லை. புப்பாவுக்கு இளையவன், நகரசபை உறுப்பினர். பழைய சந்தையைச் சுற்றுலாவுக்குத் திறந்தபோது, எங்கேயோ தூசியில் கிடந்த அந்தத் தாலுகா படத்தைத் தேடிப் பிடித்து, வரிசையிலிருந்து தன் அம்மாவை மட்டும் வெட்டியெடுத்துக் கொடுத்த புண்ணியவான் அவன்தான். படத்துக்கு 'தொப்பி அம்மா' என்று பெயரும் வைத்தான். பனியன், விசிறி, பலகாரப் பெட்டி என்று தொப்பி அம்மா ஏறாத இடமில்லை. பெற்றவளை விற்றுப் பெரிய மனுஷன் ஆனவன்.

கோயில் மண்டபத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தே அக்காளும் தம்பியும் முட்டிக்கொண்டார்கள்.

"தொப்பிப் படம்தான் வைக்கணும்க்கா. நகரசபைத் தலைவரே வந்து நெருப்பு வைக்கிறாரு. தொப்பி அம்மாவுக்குன்னுதான வர்றாரு? லமுனுக்குன்னா யாரு வருவா?"

"அம்மா வேண்டாம்னு சொல்லிட்டுத்தாண்டா செத்தா."

"வயசான காலத்துல ஆயிரம் சொல்லும். ஊருக்கே அடையாளம்க்கா அந்த முகம்! எவ்வளவு சாந்தமா சிரிக்குது பாரு."

"சிரிக்குதா? முழுங்குதுடா அது! எச்சிய முழுங்குது!"

"மெல்லப் பேசு, சாமியாருங்க உக்காந்திருக்காங்க."

புப்பா விடவில்லை. சர்க்கார் கட்டாயத்துக்கு எடுத்த தபால்தலை அளவு முகம் இருந்த அம்மாவின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோ ஹெங்கிடம் ஓடினாள். ஹெங் நல்ல மனுஷன்தான். ஆனால் அவன் கடைச் சுவரைப் பார்த்தால் எங்கள் ஊரில் ஏழையே செத்ததில்லை என்று நினைக்கத் தோன்றும். படகோட்டி வெள்ளைச் சீருடையும் பதக்கமுமாக நிற்பான், கூலிக்காரி பட்டும் முத்துமாலையுமாக உட்கார்ந்திருப்பாள். உடம்பெல்லாம் ஹெங்கிடம் தயாராக இருக்கும், தலையை மட்டும் கொண்டுபோனால் போதும்.

"இந்தத் தலைய மட்டும் பெருசாக்கிக் குடு ஹெங். வேற ஒண்ணும் பண்ணாத."

"குடுத்துட்டுப் போங்க அக்கா, ஜமாய்ச்சிரலாம்."

ஜமாய்த்துத்தான் இருந்தான். மறுநாள் போய்ப் பார்த்தால் எவளோ ஒருத்தி நீலப் பட்டுச் சட்டையில், கழுத்தில் முத்தோடு, உப்பிய கொண்டையோடு உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் கண் மட்டும் அந்த மூஞ்சியில் மாட்டிக்கொண்டு முழித்தது.

"ஐயையே! யாரோட அம்மா இது?"

"உங்க அம்மாதான் அக்கா. எல்லாரும் இப்படித்தான் கேப்பாங்க. உதட்டோரம் கொஞ்சம் கறை இருந்துது, அதையும் நல்லா தொடச்சுட்டேன்."

அட்டைக்குப் படம் எடுத்த அன்றும் ஆபீசில் ஒரு பெண் காகிதக் கைக்குட்டையை நீட்டி, "வாயத் தொடச்சிட்டு உக்காருங்கம்மா" என்று சொன்னது புப்பாவுக்கு நினைவுக்கு வந்தது. படத்தை ஹெங்கின் மேசையிலேயே போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

எரிக்கிற நாள் வந்தது. தொப்பிப் படம்தான் நின்றது. தவீ அதை இரண்டு மடங்கு பெரிதாக்கி, தங்க முலாம் சட்டம் போட்டு, கண்ணாடி பதித்துக் கொண்டுவந்திருந்தான். மூத்த பிள்ளை என்பதால் அதைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் எரிமேடையை இடமாக மூன்று சுற்றுச் சுற்றியதும் புப்பாதான். ஒவ்வொரு சுற்றிலும் தொப்பியின் விளிம்பு அவள் மோவாயில் இடித்தது. சத்தியம் செய்த வாயைத் தைத்துக்கொள்ளலாம்போல இருந்தது அவளுக்கு.

பெட்டியை மேலே ஏற்றி, படத்தைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். தலைவர் முன்வரிசை சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். தவீ மைக்கைப் பிடித்து வாழ்க்கைக் குறிப்பை வாசிக்க ஆரம்பித்தான்.

"எங்கள் அன்னை இளம் வயதிலேயே நாகரிகத்தை விரும்பி ஏற்றவர். தாமாக முன்வந்து தொப்பி அணிந்த முதல் பெண்மணிகளில் ஒருவர். அந்நாளைய பெண்களின் அடக்கமான புன்னகைக்கு இந்தப் படமே சாட்சி..."

தாமாக முன்வந்து! கேட்டுக்கொண்டிருந்த புப்பாவுக்குக் காது கூசியது. அம்மாவோடு எரிப்பதற்காக மடியில் வைத்திருந்த பித்தளை உரலையும் வெற்றிலைப் பையையும் பார்த்தாள். ஆயுளில் வெற்றிலை போட்டவள் இல்லை அவள், அந்த வாசனையே அவளுக்கு ஆகாது. வெற்றிலை, பாக்கு, செஞ்சுண்ணாம்பு எல்லாவற்றையும் உரலில் போட்டு நாலு இடி இடித்து வாயில் கொட்டிக்கொண்டாள். காரம் நாக்கைப் பொசுக்கியது. தலை சுற்றியது, வாயெல்லாம் எச்சில் ஊறிக் குமட்டியது. இதையா விழுங்கினாய் அம்மா, இதையா விழுங்கினாய் என்று மென்றுகொண்டே படியேறினாள்.

மேலே போய், பையிலிருந்து ஒரு பெரிய வெற்றிலையை எடுத்தாள். பின்பக்கம் சுண்ணாம்பை வழித்துத் தடவி, கண்ணாடியில் தொப்பியின் மேல் அப்பினாள். இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று. விளிம்புகூடத் தெரியாமல் தொப்பி மறைந்தது. பிறகு வாயில் விரலை விட்டு, சிவந்த சாற்றை எடுத்து, அந்த மூடிய உதடுகளின் மேல் அழுத்தித் தேய்த்தாள்.

தவீ குறிப்பிலிருந்து தலையை நிமிர்த்தினான். மைக் வாயருகில் இருப்பதையே மறந்துவிட்டான்.

"அக்கா! என்ன பண்ற? சீ! அசிங்கம்!"

கோயிலின் எட்டு ஒலிபெருக்கிகளும் அதை ஊருக்கெல்லாம் சொல்லின. தலைவர் மேல்காலைக் கீழே இறக்கினார். கடைசி வரிசையில் ஒரு கிழவி மட்டும் சிவந்த ஈறு தெரிய, "லமுனேதான்! அசல் லமுன்!" என்று உரக்கச் சிரித்தாள்.

தவீ கைக்குட்டையை உருவிக்கொண்டு படியில் ஓடிவந்தான். படத்தின் வாயை நோக்கிக் கையை நீட்டினான். புப்பா நகரவில்லை. கடைவாயில் சாறு ஒழுக, தம்பியின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னும் எத்தனை பேர்டா அம்மா வாயத் தொடைக்க வருவீங்க?"

நீட்டிய கை அப்படியே நின்றது. அவன் அந்தப் படத்தைப் பார்த்தான். வெல்லம் காய்ச்சும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, சிவந்த வாயால் அவனைத் திட்டித் திட்டிச் சோறு ஊட்டியவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினான். மிச்ச வாழ்க்கைக் குறிப்பை வாசிக்கவில்லை.

தலைவர் படத்தின் பக்கம் பார்க்காமலே சம்பிரதாயத்துக்கு நெருப்பைத் தொட்டு வைத்துவிட்டுக் காரில் ஏறினார். பெட்டியை உலைக்குள் தள்ளுவதற்கு முன் புப்பா உரலை அதற்குள் வைத்தாள். படியோரத்துக்கு வந்து வாயில் இருந்ததை மண்ணில் காறித் துப்பினாள்.