மாமரத்துக்கு ஊற்றிய மழை

2023 ஆகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை. ஜொகூரில் அப்போது வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. நான் வேலை செய்யும் பள்ளி அலுவலகம் மூடியிருந்தாலும் வழக்கம்போல விடிவதற்கு முன்பே எழுந்தேன். தண்ணீர் கொதிக்க வைத்தேன். இரவே துவைத்திருந்த துணிகளை உதறிக் கொடியில் போட்டேன். முந்தைய நாள் எழுதாமல் விட்டிருந்த நாட்குறிப்பை எழுதி முடித்தேன். என் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை என்பதால் வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை கிடையாது. அன்று மட்டும் கேட்டு வாங்கியிருந்தார். மறுநாள் காலை என் மாமனாரைக் குளுவாங் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விடுவதாக இருந்தது. அவருடைய சட்டைக் காலர்களின் உட்புறத்தில் அழியாத மையால் பெயர் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஐந்து சட்டைகளில் எழுதிவிட்டேன். மீதி, மேசைமேல் மடித்தபடி இருந்தன.

மாமாவுக்கு முதுமை மறதிநோய். லாபிஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் வாலிப வயதிலிருந்து ஓய்வு பெறும்வரை பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். மாமி இறந்தபின் ஸ்கூடாயில் எங்களுடைய வரிசை வீட்டுக்கு வந்துவிட்டார். பகலில் அவரால் எங்களுக்குப் பெரிய சிரமம் இருந்ததில்லை. நான் வேலைக்குப் போகும் வழியில் பகல் பராமரிப்பு நிலையத்தில் விட்டுப்போவேன். அங்கே மற்றவர்களோடு உட்கார்ந்து காகிதம் மடிப்பார், பந்து பிடிப்பார், சாப்பிடுவார். சிக்கல் எல்லாம் விடியற்காலையில்தான். கணவர் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர்ப் பாலம் கடக்கக் கிளம்பிப் போன சற்று நேரத்தில் மாமா எழுந்துவிடுவார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கேட்டருகில் போய் நிற்பார்.

"பெரட்டுக்கு நேரமாச்சும்மா. கேட்டத் தொற. கிராணி பேரு கூப்புட்டா யாரு பதில் சொல்றது?"

பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் கூட்டம். அதற்குப் பிந்தினால் அன்று வேலை இல்லை. அந்தப் பயம் அவருக்குள் அப்படியே இருந்தது, மற்ற பலவும் போனபிறகும். நாங்கள் கேட்டைப் பூட்டினோம். அவர் அதை உலுக்கினார். பூட்ட மறந்த ஒருநாள் பெரிய சாலைவரை போய்விட்டார். லாரிக்காரர் ஒருவர் கைபிடித்துக் கூட்டிவந்தார். பிறகொருநாள் கேட்டில் ஏறப் பார்த்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். இல்லம் பார்க்க வேண்டும் என்று கணவர் அன்றுதான் சொன்னார். நான் மறுக்கவில்லை. மறுக்க என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

அதுவரை நாங்கள் செய்துவந்தது, உண்மையைச் சொல்வது. தோட்டம் இப்போது இல்லை மாமா, ரப்பரை எல்லாம் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள் என்று பொறுமையாகச் சொல்லுவேன். "யாரக் கேட்டு சாச்சாங்க? என் நிரையுமா?" என்று தான் வெட்டிய மரவரிசையைக் கேட்பார். கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். மறுநாள் காலை அவருக்கு எதுவும் நினைவிருக்காது. அதே சேதியை மறுபடி முதல்தடவையாகக் கேட்பார். ஒரு மனிதருக்குத் தினமும் சாவுச்சேதி சொல்வதுபோல இருந்தது.

மணிக்கட்டுக் கட்டைப் பிரித்தபின் மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் கைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அங்கிருந்த மலாய்ப் பெண் ஒருவரிடம் காலைச் சண்டையைப் பற்றிச் சொன்னேன். மாமாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டியபடியே அவர் கேட்டார்: "போகாத நாள் ஒன்றுகூட இல்லையா? அந்த நாளில் என்ன நடந்தது என்று பாருங்கள்." எனக்கு அந்த நேரத்தில் எதுவும் தோன்றவில்லை.

அந்த வாரத் திங்கட்கிழமை விடியற்காலை நல்ல மழை. மாமா எழுந்தார், துண்டைக் கட்டினார், வாசலுக்கு வந்தார். நானும் குடையோடு பின்னால் போனேன். கேட்டுக்குப் போகிற வழியில் எங்கள் மாமரம் நிற்கிறது. அதன் பட்டையில் உள்ளங்கையை வைத்தார். தடவிப் பார்த்தார். கையைச் சாரோங்கில் துடைத்துக்கொண்டு திரும்பி உள்ளே வந்துவிட்டார். "மரம் ஈரம். இன்னிக்கு வெட்டு இல்ல. தேத்தண்ணி போடும்மா" என்றார். ஈரப் பட்டையில் கத்தி வைத்தால் பால் வெட்டிய கோட்டில் இறங்காது. பட்டையெங்கும் வழிந்து வீணாகும், பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் சேராது. அவர் எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை அவருடைய நோயோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

செவ்வாய்க்கிழமை வானம் தெளிவு. கணவர் கிளம்பியதும் ரப்பர் குழாயை இழுத்து மரத்தை நனைத்தேன். மாமா வந்தார், தொட்டார், தலையாட்டினார். பிறகு பால்மரம் வெட்டுகிறவர்கள் செய்வதுபோல லேசாகக் குனிந்து மரத்தைச் சுற்றி வந்தார். மறுபக்கத்தை நான் நனைக்கவில்லை.

"என்னம்மா இது? இந்தப் பக்கம் மழ, அந்தப் பக்கம் வெயிலா?"

பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அலாமாக்! அவருகிட்ட போயி உன் வேலயக் காட்டுறியா லா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. "காஞ்ச பக்கமா பாத்து வெட்டுன்னு கிராணி சொல்லிருவாரு" என்று கேட்டை நோக்கி நடந்தார். அன்றைக்கும் உலுக்கல்தான். புதன்கிழமை மரத்தைச் சுற்றிச் சுற்றி நனைத்தேன், இலைகளையும் விடவில்லை. ஒரு சொட்டு அவர் பிடரியில் விழுந்தது. அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். வியாழக்கிழமையும் அப்படியே. கேட்டுச் சத்தம் இல்லாத இரண்டு காலைகள். ஆனால் இரண்டு காலைகளை நம்பி இல்லத்தில் கிடைத்த இடத்தை விடச்சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. கணவரிடம் நான் எதையும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அவரே பார்த்துவிட்டார். நான் குழாயோடு நிற்கிறேன், அவர் பல்துலக்கும் பிரஷோடு வாசற்படியில் நிற்கிறார். மாமா மரத்தைத் தொட்டுச் சுற்றிவந்து உள்ளே போனதும் கணவர் படியிறங்கி வந்தார்.

"அப்பாவ ஏமாத்துறியா?"

"நான் ஒரு வார்த்த சொல்லலியே. மரத்துக்குத் தண்ணிதானே ஊத்துனேன்."

"சின்ன வயசுல ஒரு பொய் சொன்னதுக்கு என்ன தோல உரிச்சவரு அவரு. அவருகிட்டயே நாடகமா?"

"தோட்டம் இல்லன்னு சொல்லி தெனமும் அழ வச்சோமே, அது மட்டும் நல்லாருந்துச்சா?"

உள்ளிருந்து மாமா கூப்பிட்டார். "டேய், நீ பள்ளிக்கூடம் போகல?"

"இன்னிக்கு லீவுப்பா."

"நல்லதாப் போச்சு. மழையும் விடாது போல. வா, ஒக்காரு."

வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாமா தன் தேநீரில் பாதியைத் தட்டில் ஊற்றி, மகன் பக்கம் தள்ளிவைத்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர் அதை எடுத்து உறிஞ்சிக் குடித்தார். இருவரும் முற்பகல் முழுவதும் அந்த மேசையைவிட்டு எழவில்லை. மதியம் சமையலறைக்கு வந்த கணவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "சின்னதுல நாங்க எந்திரிக்கிறதுக்குள்ள அப்பா நிரைக்குப் போயிருவாரு. மழ பேஞ்சா மட்டுந்தான் காலையில வீட்டுல இருப்பாரு. தட்டுல தேத்தண்ணி ஊத்திக் குடுப்பாரு. அதுக்காகவே மழ வராதான்னு படுத்துக் கெடப்பேன்."

மாலையில் இல்லத்துக்குப் போன் செய்தார். "நாளைக்கு நாங்க வரல. அந்த எடத்த வேற யாருக்காச்சும் குடுத்துருங்க" என்றார். மடித்த சட்டைகளை நான் அலமாரியில் மாட்டினேன். காலரில் பெயர் எழுதிய ஐந்தையும் மாமா பிறகு வீட்டிலேயே போட்டுக் கிழித்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். மறுவாழ்வுப் பிரிவின் அந்தப் பெண்ணிடம் சொன்னபோது சந்தோஷப்பட்டார், ஆனால் இது பலிக்காத காலமும் வரும் என்றார். வந்தது. ஓராண்டுக்குப் பிறகு மாமா விடியற்காலையில் எழுவதே நின்றுபோனது. பெரட்டும் அவரைவிட்டுப் போய்விட்டது. எங்கள் வீட்டில், அவருடைய கட்டிலில், மகன் பக்கத்தில் இருக்கத்தான் அவர் மூச்சு நின்றது. மற்றவர்களிடம் பேசும்போது அதை ஓர் ஆறுதலாகவே சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை காலை, மாமாவைக் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டிய நாளில், நான் விழித்தபோது பக்கத்தில் படுக்கை காலியாக இருந்தது. வெளியே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கணவர் அரைக்கால் சட்டையோடு மரத்தின் மறுபக்கம் குனிந்து, அடிப்பட்டையை நனைத்துக்கொண்டிருந்தார். பிறகு குழாயை இலைகள் பக்கம் தூக்கினார். தண்ணீர் அவ்வளவு உயரம் எட்டவில்லை. என்னைப் பார்த்ததும், "இது மழ மாதிரி இருக்கா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அன்று நான் முதலில் செய்தது, சுவரோரம் போய்ப் பைப்பை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டதுதான்.