சங்ககிரிக் கோட்டையில் தேனீக்கள்

சங்ககிரி மலைக்கோட்டையில் பாதி தூரம் ஏறியிருக்கிறோம். திப்பு காலத்துப் படை காவல் காத்த கல்வாசல் ஒன்றை நெருங்கும்போது தலைக்கு மேல் இரைச்சல் கேட்கிறது. வளைவில் தொங்கிய கூடு கலைந்து, மலைத்தேனீக்கள் புகைபோலக் கிளம்புகின்றன. என் கணவர் முரளி அப்படியே நின்றுவிடுகிறார். போன வருடம் ஒரு தேனீ கொட்டியதற்கே தொண்டை வீங்கி, பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது.

படியோரம் ஆடு மேய்க்கும் பெண்ணிடம் கத்துகிறேன்: "இவரைக் கொட்டினா உயிருக்கே ஆபத்துங்க."

"ஓடாதீங்க சாமி. குனிஞ்சு உக்காருங்க." ஓடிவந்து தன் தோள் துண்டை முரளிமேல் போர்த்துகிறார்.

தேனீக்கள் எங்களைக் கடந்து பள்ளத்துப் பக்கம் போகின்றன.

"போயிருச்சா?" துண்டுக்குள்ளிருந்து முரளி கேட்கிறார்.

அவர் பிடரியருகே துண்டின் மடிப்புக்குள் ஒரு தேனீ நுழைகிறது. அந்தப் பெண் வெறும் விரலால் அதை நசுக்குகிறார். வலியில் அந்தப் பெண்ணின் முகம் சுளிக்கிறது.

"கொட்டிருச்சாங்க?" என்கிறேன்.

"ஆமாங்க. எனக்கு வீங்கி வத்திரும். இவரைக் கீழ கூட்டிட்டுப் போங்க சாமி."

முரளி எனக்கு முன்னால் இறங்குகிறார். அவர் மூச்சு சீராக வருகிறதா என்று காது கொடுத்தபடியே பின்னால் இறங்குகிறேன்.