ஒரு லட்சம் யூனிட்

எங்கள் பக்கம் குழந்தை வாயில் எதை ஊற்றினாலும் அதற்குப் பெயர் சொட்டு மருந்துதான். போலியோ முகாம்களில் "எத்தன தடவ குடுத்தாலும் ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெயரும் அந்தத் தைரியமும் சேர்ந்தே மனதில் பதிந்துவிட்டன. இரண்டு வருடங்களுக்கு முன் நான் செய்த தப்பு அந்த ஒரு வார்த்தையில்தான் ஆரம்பித்தது.

என் மகளுக்கு அப்போது பத்தாவது மாதம். புகுந்த ஊரான சேத்தூரில் தட்டம்மை ஊசி போட்ட கையோடு, பிளாஸ்டிக் கரண்டியில் மஞ்சளாக ஏதோ ஊற்றினார்கள். ஊசி வலியில் வீரிட்டவளைச் சமாதானப்படுத்தவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. எழுதித் தந்த அட்டையை அப்படியே பீரோவில் வைத்தேன். பி.காம். படித்தவள், அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஊர்ப் பொங்கலுக்காக வன்னியம்பட்டியில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். பால்வாடியில் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கிறார்கள் என்றார்கள். தூக்கிக்கொண்டு போனேன்.

"அட்டைய எங்கம்மா?" என்று நர்சம்மா கேட்டார்.

"சேத்தூர்ல இருக்குக்கா."

"வைட்டமின் ஏ ஏற்கெனவே குடுத்தாச்சா?"

"இல்லக்கா. சொட்டு மருந்து மட்டுந்தான் ஊத்துனாவ."

அவர் ஊற்றினார். அதே மஞ்சள், அதே மாதிரிக் கரண்டி. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்றவளிடம் பொங்கலுக்கு எடுத்த சேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

மதியம் பிள்ளை வாந்தி எடுத்தாள். "பல்லு மொளைக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும்" என்றாள் அம்மா. இரண்டாவது தடவையும் எடுத்தாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு தோளில் துவண்டு கிடந்தவளின் தலையைத் தடவியபோது என் விரல் நின்றுவிட்டது. எப்போதும் லேசாகப் பள்ளமாக இருக்கும் உச்சிக்குழி மேலே உப்பியிருந்தது. காலையில் ஊற்றிய மருந்தைத் தவிர வேறெதுவும் புதிதாகக் கொடுக்கவில்லை. சேத்தூரில் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்த என் கணவருக்குப் போன் போட்டு, அட்டையை எடுத்துப் படிக்கச் சொன்னேன்.

"வைட்டமின் ஏ, ஒரு மில்லின்னு எழுதியிருக்கு. பக்கத்துல ஒரு லட்சம் ஐ.யூ. யூன்னா யூனிட்டுதான?"

"தேதி என்னங்க?"

"ஊசி போட்ட அன்னிக்குத்தான். ஏட்டி, ஒரு லட்சம் யூனிட்டா? எம்புட்டு ஊத்தியிருக்காவ பச்சப்பிள்ளைக்கு!"

அவர் டிப்பர் ஓட்டுகிறவர். மணலில் ஒரு யூனிட் என்றால் நூறு கன அடி. எனக்குத் தெரிந்த யூனிட் கரண்ட் பில்லில் வருவது; இருநூறைத் தாண்டினாலே ஃபேனை நிறுத்துகிறவள் நான். காலையில் ஊற்றியதும் சேர்ந்து இப்போது என் பிள்ளையின் உடம்புக்குள் இரண்டு லட்சம் இருந்தது. அவர் அங்கே மனதுக்குள் மணலைக் குவித்தார், நான் இங்கே மீட்டரை ஓடவிட்டேன். பிள்ளை செத்துப்போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

நானும் அம்மாவும் ஆட்டோ பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் மூக்கின் கீழ் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். வேகத்தடையில் ஆட்டோ குலுங்கியபோது டிரைவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

டாக்டரம்மா பிள்ளையின் கண்ணில் லைட் அடித்துப் பார்த்தார், உச்சிக்குழியைத் தொட்டார், தேதிகளைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"இரண்டு லட்சம் யூனிட் போயிருக்கு மேடம்" என்று அழுதேன்.

"இந்த யூனிட் எடை கிடையாதும்மா. மருந்து உடம்புல எவ்வளவு வேலை செய்யும்ங்கறதுக்கு ஒரு கணக்கு. மருந்துக்கு மருந்து அது மாறும். வைட்டமின் ஏ ஒரு லட்சம்னா முப்பது மில்லிகிராம்தான். ஒண்ணு ரெண்டு அரிசி எடை."

எனக்கு ஆறுதலாக இல்லை. இரண்டு மூன்று அரிசி எடை சேர்ந்து பிள்ளையை இப்படித் துவள வைக்குமா என்று பயம் கூடத்தான் செய்தது.

"ஆறு மாசம் இடைவெளி விட்டுக் குடுக்கறது இது. சீக்கிரம் குடுத்தா சில பிள்ளைங்களுக்கு இப்படி ஆகும். பெரும்பாலும் ரெண்டு நாள்ல தானா வடிஞ்சிரும். அதுவரைக்கும் இங்கயே இருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றவர், பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "குடுக்கறதுக்கு முன்னாடி அங்க கேக்கலையா?"

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். என் பிள்ளையை நானே இப்படி ஆக்கினேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"கேக்கல மேடம்" என்றேன்.

மறுநாள் காலையில் உப்பல் பாதி வடிந்திருந்தது. பிள்ளை பால் குடித்தாள், வாந்தி இல்லை. அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. பத்து மணி வாக்கில் நர்சம்மா வார்டுக்குள் வந்தார். டாக்டரம்மா அவரிடம் போனில் விசாரித்திருக்கிறார். நர்சம்மாவின் முகம் அழுது வீங்கியிருந்தது. நேரே பிள்ளையின் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

"பதினெட்டு வருசமா கேட்டுட்டுத்தாம்மா ஊத்துவேன். நேத்தும் கேட்டேன்னுதான் நெனச்சேன். வயசாகுதுல்லா, கேக்காம விட்டுட்டேன் போல. என்னைய மன்னிச்சிரும்மா" என்றார்.

பிள்ளை அவர் விரலைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தாள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு என்னால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

"நீங்க கேட்டீங்கக்கா. நாந்தான் இல்லன்னு சொன்னேன். டாக்டரம்மாகிட்டயும் வந்து சொல்லுதேன்."

திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நின்றேன். அவர் கட்டில் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

"கேட்டேனா?" என்றார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபடியும் கேட்டார். "நெசமாவே நான் கேட்டேனாம்மா?"