புக்கிட் மேரா வழித்தடம்

அந்த நாட்களில் என் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். அதில் வட்டாரங்களின் பெயர்களை நீல மையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஓட்டுநரின் பெயர் ஒட்டிய காந்த வில்லையை வைப்பேன். திங்கட்கிழமைதோறும் காலை ஆறரை மணிக்கு அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நான் செய்யும் முதல் வேலை அதுதான். மொத்தம் ஒன்பது வில்லைகள். எட்டை வைத்து முடிப்பதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிடும். ஒன்பதாவதை நான் நகர்த்தியதே இல்லை. அது அண்ணனுடையது. எல்லா வாரமும் புக்கிட் மேராவுக்கு எதிரிலேயே கிடக்கும்.

அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் அல்ல, எங்கள் நிறுவனத்தில் வேன் ஓட்டியவர். தேக்காவில் ஒரு பின்சந்தில், கீழே கிடங்கும் மேலே அலுவலகமுமாக ஒரு பழைய கடைவீட்டில் நாங்கள் இருந்தோம். மளிகைச் சாமான்களை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது தொழில். கிருமிப் பரவலுக்கு முன்பு மூன்று வேன்கள்தான். ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதங்களில் தொலைபேசி ஓயாமல் அடித்தது. அரிசி, பருப்பு, எண்ணெய், கோதுமை மாவு என்று தீவு முழுவதும் எங்களை நம்பித்தான் அடுப்பை மூட்டுகிறதோ என்று தோன்றும். முதலாளி அவசரமாக ஆறு வேன்களை வாடகைக்கு எடுத்து ஆள் தேடினார். அப்படி வந்தவர் அண்ணன்.

அதற்கு முன்பு இருபது வருடத்துக்கும் மேல் அவர் சுற்றுப்பயணிகளின் பேருந்தை ஓட்டியிருக்கிறார். விமானங்கள் நின்றதும் அவருடைய பேருந்தும் நின்றுவிட்டது. "பஸ்ஸ பூன் லே பக்கம் ஒரு எடத்துல நிப்பாட்டி வெச்சிருக்காங்க தங்கச்சி. போன வாரம் போய்ப் பாத்தேன். டயருக்கு அடியில புல்லு மொளச்சிருக்குலா" என்று முதல் வாரத்தில் என்னிடம் சொன்னார். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஐம்பத்து நான்கு வயது. மூட்டை தூக்கும் வேலைக்கும் தேய்த்த சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வருவார். மற்ற ஓட்டுநர்கள் அதைப் பார்த்து அவரை 'சார்' என்று கேலி செய்வார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வழித்தடங்களை வாரத்துக்கு ஒரு முறை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் விதி. வட்டாரம் எல்லாம் ஒன்றல்ல. கொண்டோமினியம் எனும் தனியார் அடுக்குமாடிகள் நிறைந்த பக்கம் போகிறவர் காவலர் மேசையில் பத்து வீட்டுச் சாமானை ஒரே இடத்தில் இறக்கிவிட்டு வந்துவிடலாம். புக்கிட் மேராவில் அந்தச் சுகம் கிடையாது. எங்கள் வாடிக்கையாளர் அதிகம் இருந்த சில பழைய அடுக்குமாடி புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. ஐந்தில் இறங்கி ஏழுக்கு அரிசி மூட்டையோடு படியேற வேண்டும். குடியிருப்பவர்களோ பெரும்பாலும் வயதானவர்கள். கதவைத் தட்டினால் வந்து திறக்கவே சில நிமிடங்கள் ஆகும். வாசலில் வை, படம் எடு, கிளம்பு என்பது அந்த நாட்களின் கட்டளை. அண்ணன் படம் எடுத்த பிறகும் நாலடி தள்ளி நின்று கதவு திறக்கும்வரை காத்திருப்பார். "அஞ்சு கிலோவ வெளிய வெச்சிட்டு வந்தா அந்தம்மா எப்படி உள்ள இழுப்பாங்க? கேட்டுட்டு, கதவுக்கு உள்பக்கமா வெச்சிட்டு வர்றேன். அவ்வளவுதான்" என்பார்.

அவரையே ஏன் வாராவாரம் அங்கே அனுப்பினேன்? அவர் முணுமுணுக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். மற்றவர்களில் யாருடைய வில்லையைப் புக்கிட் மேராவுக்கு நகர்த்தினாலும் அன்று காலை என் மேசைக்கு முன்னால் ஒரு சண்டை நடக்கும். ஒருவருக்கு முட்டி வலி, ஒருவருக்கு வேன் சரியில்லை, இன்னொருவர் முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம். அண்ணன் பலகையைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், சாவியை எடுத்துக்கொண்டு போவார். இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் முதலில் கேட்டேன். அது எட்டு மாதம் ஆனது. விதியை மீறுகிறோம் என்று எனக்குத் தெரியும். வேலை நடக்கிறதே, யார் கேட்கப்போகிறார்கள் என்ற மெத்தனம்.

பிறகு ஊர் மெல்லத் திறந்தது. மக்கள் கடைக்குத் தாங்களே வந்தார்கள், வந்தவர்களும் கையை இறுக்கிப் பிடித்துத்தான் வாங்கினார்கள். எங்கள் சந்திலேயே இரண்டு கடைகள் மூடின. தொலைபேசி ஓய்ந்த காலைப் பொழுதுகளில் ஓட்டுநர்கள் வேன்களுக்கு நடுவே நின்று ஒரே பேச்சைத்தான் பேசினார்கள்: அடுத்தது யார்? ஒப்பந்தத்தில் வந்தவர்கள் ஆறு பேர். அவர்களில் மூன்று பேருக்குத்தான் வேலை இருக்கும் என்பது எப்படியோ எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் அண்ணன் நிற்க மாட்டார். ஒருநாள் மட்டும் மேலே ஏறி வந்து, முகக்கவசத்தைச் சரிசெய்தபடி, "தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். என் பேரு சேஃபா? ஏற்கெனவே ஒரு வேல போயிருச்சு. வீட்டுல அதுக்கே இன்னும் பயந்துபோய் இருக்காங்க" என்றார்.

"உங்களுக்கென்னண்ணே, நீங்க இல்லாம மேராவுக்கு யாரு போறது?" என்றேன். அவர் நிம்மதியாக இறங்கிப் போனார். நானும் அதை நம்பித்தான் சொன்னேன்.

மறுவாரம் மேலாளர் என்னிடம் ஒரு பட்டியல் கேட்டார். ஒவ்வோர் ஒப்பந்த ஓட்டுநரும் சராசரியாக ஒரு மணி நேரத்தில் எத்தனை வீடுகளுக்குக் கொடுக்கிறார் என்று வரிசைப்படுத்த வேண்டும். கடைசி மூன்று பேருக்கு அந்த மாதத்தோடு வேலை முடிந்துவிடும். வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தும்போதே எனக்குத் தெரியும். அண்ணன் கடைசியில் இருந்தார். வேறு எங்கே இருப்பார்? எட்டு மாதம் அவரைப் படியேற விட்டதே நான்தான். கொண்டோ பக்கம் போகிற வாரமெல்லாம் மதியத்துக்குள் கோப்பிக் கடையில் உட்கார்ந்துவிடுகிற ஆள் முதலிடத்தில் இருந்தார்.

பட்டியலின் ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுதினேன்: 'இவருக்கு மட்டும் வழித்தடம் மாற்றப்படவில்லை. எண்ணிக்கையை ஒப்பிட முடியாது.' எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாற்றாதது யார் என்று அடுத்த கேள்வி வரும். அலுவலகத்திலும் ஓர் ஆளைக் குறைக்கலாம் என்று மேலாளர் அந்த வாரம்தான் ஜாடையாகச் சொல்லியிருந்தார். என் கணவருக்கு அப்போது பாதிச் சம்பளம். பயந்துவிட்டேன். எழுதியதை அழித்துவிட்டுப் பட்டியலை அனுப்பினேன். அலுவலகத்தில் யாரையும் குறைக்கவில்லை என்பது இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது.

கடைசி நாளன்று அண்ணன் வேனைக் கழுவி, உள்ளே துடைத்து, சாவியை என் மேசையில் வைத்தார். கோபமாக ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். "நான் ஸ்லோதான் தங்கச்சி. வயசாச்சுல்ல" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்; சொல்லவில்லை. "உங்களுக்காக எவ்வளவோ பேசிப் பார்த்தேன்ணே. மேலாளர் கேக்கல" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. கைகூப்பிவிட்டுப் போனார்.

போன மாதம் டோபி காட் நிலையத்தில் ரயில் மாறுவதற்காக நடந்துகொண்டிருந்தேன். "தங்கச்சி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அண்ணன்தான். முடி முழுவதும் நரைத்துவிட்டது, சட்டை மட்டும் அதேபோல் தேய்த்து உள்ளே விடப்பட்டிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி. அவரை நான் முன்பு பார்த்ததில்லை. அண்ணன் இப்போது ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாராம். அது கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனதாம். "இவங்கதான்" என்று மனைவியிடம் சொன்னார். அதற்கு மேல் அவர் விளக்கத் தேவையே இருக்கவில்லை.

அந்த அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்கள எத்தன தடவ நெனச்சிருக்கேன் தெரியுமாம்மா. அந்த ஒரு வருஷம் இவரு வீட்ட விட்டே வெளிய வரல. நான் ஸ்லோ, நான் ஒண்ணுத்துக்கும் ஆகாதவன்னு அதையே சொல்லிக்கிட்டு இருப்பாரு. அப்பல்லாம் நான் ஒண்ணுதான் சொல்லுவேன். நீங்க ஆகாதவரா இருந்தா அந்தப் பொண்ணு எதுக்கு உங்களுக்காகப் போய்ப் பேசுச்சு? அதச் சொல்லிச் சொல்லித்தான்மா இவர எழுப்பி உக்கார வெச்சேன்."

அண்ணன் கூச்சத்தோடு வேறு பக்கம் பார்த்தார். நீங்கள் மெதுவானவர் இல்லை, நான் கொடுத்த வழித்தடம் அப்படி என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். அவர் எட்டு மாதமும் ஒழுங்காகத்தான் வேலை செய்தார் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அதைச் சொன்னால் அந்த அம்மா அத்தனை நாள் பிடித்து நின்றதையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும். ஜனங்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். அந்த அம்மா என் கைகளை விடவில்லை.

"பரவால்லக்கா, நம்ம அண்ணன்தானே" என்றேன்.