ரேடியோ இல்லாத கதை

அவளுக்குக் கோட்டான் என்று பெயர் வைத்தவள் ரேடியோதான். வேலையில் சேர்ந்த புதிதில், பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு ஒரு வாரமாகியும் வாயைத் திறக்காதவளைப் பார்த்து, "ஏன்டி, நீ பேசுவியா மாட்டியா? சரியான ஊமைக்கோட்டானா இருக்கியே" என்றாள். நாளடைவில் ஊமை உதிர்ந்து கோட்டான் மட்டும் நிலைத்துவிட்டது. பதிலுக்குப் பட்டப்பெயர் வைக்கிற சாமர்த்தியம் கோட்டானுக்குக் கிடையாது. ரேடியோ என்ற பெயர் கேன்டீன்காரர் வைத்தது. "அந்தம்மா உள்ள வந்துட்டா நான் பாட்டே போட வேண்டியதில்ல" என்பார்.

இருவரும் விஞ்ஞானிகள். அரசாங்கத்தின் பெரிய ஆய்வுக்கூடத்தில் ஒரே நாளில் சேர்ந்து, ஒரே அறையில் தலை நரைத்தவர்கள். கோட்டானுக்கு வேதியியல், ரேடியோவுக்கு நுண்ணுயிர்கள். ரேடியோவின் கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார். அவளுடைய மகள் பள்ளி விட்டதும் கோட்டான் வீட்டுக்குத்தான் வருவாள். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். கோட்டானைச் சித்தி என்றும் கோட்டானின் கணவரைச் சித்தப்பா என்றும் கூப்பிட்டே வளர்ந்தாள்.

அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த வேலை ஒன்று உண்டு. பழைய தொழிற்சாலை ஒன்றில், இயந்திர உதிரிகளின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிய திரவம் வருஷக்கணக்காக மண்ணுக்குள் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளையெல்லாம் கெடுத்திருந்தது. அந்த நஞ்சைத் தின்றே பிழைக்கும் பாக்டீரியா அதே மண்ணில் எங்காவது இருக்கும் என்பது ரேடியோவின் நம்பிக்கை. இருந்தால், அது நஞ்சை உண்மையிலேயே குறைக்கிறதா என்று அளந்து சொல்வது கோட்டானின் பொறுப்பு. சேற்றைக் கண்ணாடி பாட்டில்களில் அடைத்து, காற்றுப் புகாதபடி ரப்பர் மூடி போட்டு, வெதுவெதுப்பான இருட்டறையில் அடுக்கி வைத்தார்கள். மூடியில் ஊசி குத்தித் துளி நீர் எடுத்து அளப்பார்கள். நஞ்சு போட்டது போட்டபடி இருக்கும். மறுபடி சேறு, மறுபடி பாட்டில். இரண்டு கோடை இப்படியே போனது. வாடை மட்டும் உடுப்பை விட்டுப் போகவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்பதை ரேடியோ ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டாள்.

கடைசியில் அலமாரியைக் காலி செய்யச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கோட்டானுக்கும் அலுத்துப் போயிருந்தது. கழிவுத் தொட்டிக்குப் போக வேண்டிய பாட்டில்களை அவளே தள்ளுவண்டியில் ஏற்றினாள். ரேடியோ ஒரு பாட்டிலை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது சாகலடி. கோவிச்சுக்கிட்டு இருக்கு" என்றாள்.

"உனக்குக் கிறுக்கு. போடு வண்டியில."

ரேடியோ போடவில்லை. இருட்டறையின் மூலையில், பழைய குழாய்ச் சுருள்களுக்குப் பின்னால் செருகி வைத்தாள். மாதங்கள் கழித்து, வேறு வேலைக்கு நடுவில், "அந்தக் கோவக்காரியை ஒரு தடவை அளந்து பாரேன்" என்று நச்சரித்தாள். தொல்லை தாங்காமல் அளந்தாள் கோட்டான். நஞ்சு இல்லை. கருவியில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடி அளந்தாள். அப்போதும் இல்லை. இருவரும் நடைபாதையில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்ததைப் பார்த்து, எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று காவலாளி ஓடிவந்தார்.

அந்த ஒற்றை பாட்டிலிலிருந்து பெருக்கிய பாக்டீரியாவைத்தான் பிறகு பல ஊர் மண்ணில் இறக்கினார்கள். ஆய்வுக் கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தது. ரேடியோ அதைக் கேன்டீனில், கல்யாண வீடுகளில், பல் டாக்டர் வாசலில் காத்திருக்கும் முன்பின் தெரியாதவர்களிடத்தில் என்று சொல்லாத இடமில்லை. சொல்லும்போதெல்லாம் கோட்டான் பக்கத்தில் நின்று சிரிப்பாள். "போடு வண்டியில" என்ற இடம் வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இருவருக்கும் ஓய்வு நெருங்கிய சமயத்தில் ஆய்வுக்கூடம் ஒரு மாலை நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தது. விஞ்ஞானிகள் மேடையேறித் தங்கள் ஆராய்ச்சி வாழ்க்கையில் நடந்ததைக் கதையாகச் சொல்ல வேண்டும். படம், புள்ளிவிவரம் எதுவும் கூடாது. உள்ளே என்ன நடக்கிறதென்று ஊருக்குத் தெரியட்டும் என்பது புதிய இயக்குநரின் ஆசை. பட்டியலில் முதல் பெயர் ரேடியோ என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஆனால் அதற்குச் சற்று முன்புதான் ரேடியோவுக்குக் கழுத்தில் ஒரு கட்டியை எடுத்திருந்தார்கள். கட்டி ஒன்றும் கெட்டதில்லை. ஆனால் குரல் போய்விட்டது. காகிதத்தைக் கசக்குவதுபோல ஒரு கரகரப்புத்தான் வந்தது. நாலு வாக்கியத்தில் மூச்சு வாங்கியது.

"நம்ம ஸ்டேஷன் மூடியாச்சு. நீ போய் சொல்லுடி" என்றாள்.

"நானா? ஆளை விடு. நாலு பேரைப் பாத்தா நாக்கு ஒட்டிக்கும் எனக்கு."

"நான் சொல்லித் தரேன். நம்ம கதைதானே, யார் சொன்னா என்ன?"

சொன்னபடியே செய்தாள். பல நாள் சாயங்காலம், ரேடியோவின் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டியைச் சபையாகப் பாவித்துக் கோட்டான் பேசினாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், சிரிப்பு வந்தால் அது அடங்கும்வரை எப்படிப் பொறுத்திருக்க வேண்டும் என்று ரேடியோ கரண்டியால் தாளம் போட்டுக் கற்றுக்கொடுத்தாள். அந்த நாட்களில் கோட்டானுக்குத் தன் குரலே புதிதாக இருந்தது.

மேடையேறுபவர்களைத் தயார்படுத்த நாடகக்காரர் ஒருவரை அமர்த்தியிருந்தார்கள். சுறுசுறுப்பான மனிதர், கெட்டவரில்லை. கோட்டான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு மேசையைத் தட்டினார்.

"பிரமாதம் மேடம். ஒரே ஒரு விஷயம். ரெண்டு பேர் வராங்க. கேக்கிறவங்க யார் பின்னாடி போறதுன்னு தெரியாம முழிப்பாங்க. அந்தத் தோழியை எடுத்துடுங்க. பாட்டிலை ஒளிச்சு வச்சது நீங்களாவே இருக்கட்டும்."

"அது நான் இல்லையே."

"இது கோர்ட் இல்ல மேடம், கதை. உணர்ச்சி உண்மையா இருந்தாப் போதும். ஒரு தடவை சும்மா சொல்லிப் பாருங்களேன்."

சும்மாதான் சொல்லிப் பார்த்தாள். 'எனக்கு அந்த பாட்டிலைத் தூக்கிப் போட மனசு வரலை' என்று வாய் சொன்னபோது உள்ளே சுருக்கென்றது. ஆனால் கதை தடங்கலின்றி ஓடியது. அறையிலிருந்த மற்றவர்கள் கைதட்டினார்கள். வாழ்நாளெல்லாம் பக்கத்தில் நின்று சிரித்தவளுக்கு அந்தக் கைதட்டல் பிடித்திருந்தது. அதைத்தான் பிற்பாடு அவளால் தனக்குத்தானே மறைக்க முடியவில்லை. நாடகக்காரர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. இவள்தான் போனாள்.

ரேடியோவிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். மறுநாள் போனபோது ரேடியோ மருத்துவமனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த நாள் மகள் வந்திருந்தாள். சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம் என்று ஆறப் போட்டதில் நிகழ்ச்சி நாள் வந்துவிட்டது. கணவரிடம் மட்டும் வாயைத் திறந்தாள்.

"அவகிட்டக் கேட்டியா?" என்றார் அவர்.

"அவ என்னங்க சொல்லப் போறா? பெரிய மனசு அவளுக்கு."

"பெரிய மனசுன்னா கேக்காம எடுத்துக்கலாமா?" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போடப் போய்விட்டார்.

அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் ஒன்றில் ரேடியோ, கழுத்துத் தழும்பை மறைக்கத் துணி சுற்றிக்கொண்டு, மகளுடன் உட்கார்ந்திருந்தாள். கோட்டான் ஏறியதும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

கோட்டான் நன்றாகவே சொன்னாள். சேற்று வாடைக்குச் சிரித்தார்கள். தள்ளுவண்டி வந்தபோது சபை அமைதியானது. "ஒரு பாட்டிலை மட்டும் எடுத்து வெளிச்சத்துல பாத்தேன். இது சாகல, கோவிச்சுக்கிட்டு இருக்குன்னு எனக்குத் தோணிச்சு" என்றாள். அரங்கமே அதிர்ந்தது. சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும் அல்லவா? பொறுத்திருந்த அந்த நேரத்தில் கண் தானாக ரேடியோவிடம் போனது. ரேடியோவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். உயர்த்திய கை மட்டும் மடிக்கு வந்திருந்தது.

வெளியே கூட்டம் கலையும்போது கோட்டானைச் சுற்றி ஆட்கள். அவர்களை விலக்கிக்கொண்டு மகள்தான் முதலில் வந்தாள்.

"சித்தி, அந்த பாட்டிலை ஒளிச்சு வச்சது எங்கம்மாதானே? எனக்கு அந்தக் கதையைச் சொல்லித்தானே சோறு ஊட்டுவாங்க?"

"மேடைக்காக... அவர்தான் சுருக்கச் சொன்னார்..." என்று கோட்டான் மென்று விழுங்கினாள்.

"சுருக்கினா அம்மா ஏன் போகணும்? நீங்க போயிருக்கலாமே?"

"சும்மா இருடி" என்று ரேடியோவின் கரகரப்பு பின்னாலிருந்து வந்தது. அவள் கோட்டானின் தோளில் கைவைத்தாள். "நல்லா சொன்னே. நான் சொன்ன இடத்திலெல்லாம் சரியா நிறுத்தினே" என்றாள். அதற்குமேல் குரல் வரவில்லையா, சொல்ல ஒன்றும் இல்லையா என்று கோட்டானுக்குத் தெரியவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சண்டை போட்டிருந்தால் தேவலை. நாலு திட்டுத் திட்டியிருந்தால் காலில் விழுந்தாவது சரிசெய்திருக்கலாம். ரேடியோ மறுநாளும் வேலைக்கு வந்தாள், நலம் விசாரித்தாள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும், "சாப்பிட ரொம்ப நேரமாகுது, மெதுவா விழுங்கணும், நீ போ" என்று அறையிலேயே இருந்துகொண்டாள். டாக்டர் அப்படிச் சொன்னது உண்மைதான். அதனால் மறுத்துப் பேசவும் வழியில்லை.

ஒருநாள் கதவைச் சாத்திவிட்டுக் கோட்டான் கேட்டாள். "என் மேல கோவமாடி?"

"கோவம் இல்லடி." ரேடியோ கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "குரல் போனப்பகூட எனக்கு ஒண்ணும் தோணலை. என் கதை உன் வாயில இருக்குன்னு நெனச்சேன்."

கோட்டான் அழுதாள். ரேடியோ தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். இருந்தாலும் அந்த அறையில் பழைய பேச்சு திரும்பவில்லை.

நிகழ்ச்சியைப் படம் பிடித்து எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருந்தார்கள். அதை எடுத்துவிடச் சொல்லிக் கோட்டான் இயக்குநரின் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். "இவ்வளவு பேர் பாத்திருக்காங்க, இப்போ எடுத்தா ஏன்னு கேப்பாங்க மேடம்" என்றார்கள். வேண்டுமானால் கீழே நன்றி என்று போட்டுத் தோழியின் பெயரைச் சேர்க்கிறோம் என்றார்கள். சேர்த்தார்கள். தேடிப் போய் அழுத்தினால்தான் தெரியும்.

ரேடியோ முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டாள். வழியனுப்பும் கூட்டத்தில் நாலு வார்த்தை பேசும்படி கோட்டானைக் கேட்டார்கள். எழுந்து நின்றாள், நாக்கு ஒட்டிக்கொண்டது. எல்லோரும் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு ஒரு கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது, அதே கதையைச் சொல்லச் சொல்லி. இந்த முறை உள்ளபடி சொல்லிவிடுவது என்று உறுதியாகப் போனாள். சொன்னாள். தான் தூக்கிப் போடச் சொன்னதையும், தோழி ஒளித்து வைத்ததையும், கோபித்துக்கொண்டிருக்கிறது என்றது யார் என்பதையும் விடாமல் சொன்னாள். படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்திருந்த மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு வரவில்லை. இரண்டு பேர் பின்னாலும் போக முடியாமல்தான் முழித்தார்களோ என்னவோ.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ரேடியோவுக்குப் போன் போட்டாள். "இன்னைக்கு உன்னைச் சொன்னேன்டி. எல்லாத்தையும் சொன்னேன்."

"யார்கிட்ட?"

"ஒரு காலேஜ்ல. பசங்ககிட்ட."

"சரி" என்றாள் ரேடியோ. பிறகு, "நான் உக்காந்திருந்தப்ப சொல்லியிருக்கலாம்" என்றாள். அதைச் சொல்லிக்காட்டும் தொனியில் சொல்லவில்லை. உடனேயே முழங்கால் வலிக்கு என்ன தைலம் தடவுகிறாய் என்று கேட்டாள்.

இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொள்கிறார்கள். முழங்கால், மாத்திரை, மகளின் வேலை. பாட்டிலைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை.

கோட்டானுக்கு இன்னும் கொஞ்ச காலம் வேலை இருக்கிறது. கேன்டீனில் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். புதிதாகச் சேர்ந்த பெண்கள் சில நேரம் தட்டோடு வந்து எதிரே உட்காருவார்கள். போன வாரமும் ஒருத்தி இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"மேடம், அந்த பாட்டில் கதை நீங்கதானே? எத்தனை தடவை பாத்திருக்கேன் தெரியுமா!"

"நான் வச்சது இல்லம்மா அது. என் கூட வேலை செஞ்சவ வச்சது. நான் தூக்கிப் போடச் சொன்னவ."

அந்தப் பெண் கூட வந்தவளின் பக்கம் திரும்பி, "பாத்தியா, எவ்வளவு அடக்கம்!" என்றாள்.

கோட்டான் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர்கள் தண்ணீர் பிடிக்க எழுந்து போய்விட்டார்கள்.